துளைகளின் பூர்வீகம்

புது ரோல் வந்தால் நான் அதை உடனே பியானோவில் மாட்டுவதில்லை. வேலை மேஜைமேல் மூன்று நான்கு அடி நீளத்துக்கு விரித்து, ஓரங்களில் பாரம் வைத்து, ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே போடுவேன். ஒரே சமயத்தில் ஒலிக்கவேண்டிய ஐந்தாறு சுரங்களின் துளைகள் அந்த ஸ்கேலின் விளிம்பில் ஒரே கோட்டில் தொடங்குகின்றனவா என்று பார்ப்பேன். கோடு சரியாக இருந்தால் மற்றதைப் பேசலாம். இல்லையென்றால், பெட்டிமேல் எவ்வளவு அழகான லேபிள் ஒட்டியிருந்தாலும், அது காசு கொடுத்து வாங்கிய வெறும் காகிதம்தான்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பஃபலோவுக்குப் பக்கத்தில், பழைய பிளேயர் பியானோக்களைப் பிரித்துச் சீர்செய்வது என் பிழைப்பு. ட்யூனிங் வேலைக்கென்று வந்தவனைத் துருத்தியும் ரப்பர் குழாயும் உள்ளே இழுத்துக்கொண்டன. சீர்செய்த பியானோவை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பும்போது வீட்டுக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள்: "ரோலுக்கு எங்கே போவது?" பழைய ரோல்கள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும், வீட்டைக் காலி செய்கிறவர்கள் சும்மாவே தூக்கிக் கொடுப்பார்கள். ஆனால் நூறு வருடக் காகிதம் அது. பழுத்து, ஓரம் பொடிந்து, ஒருமுறை ஓட்டினால் கால் அங்குலம் கிழிந்துபோகும். அதனால் புதிதாக வெட்டிய ரோல்களைத் தேடி வாங்கித் தருவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேயர் பியானோ முழுக்க உறிஞ்சுகாற்றில் ஓடுகிறது. உட்கார்ந்து மிதிகளை மிதித்தால் அடியிலிருக்கும் துருத்திகள் உள்ளேயிருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளும். கண்ணுக்கு நேரே ஒரு பித்தளைப் பட்டை. டிராக்கர் பார் என்போம். கட்டைக்கு ஒன்றாக 88 சிறு துளைகள் அதில் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் உள்ளே போகும். காகிதம் அந்தப் பட்டையை மூடியபடி நகரும். காகிதத்தில் துளை வந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே புகுந்து ஒரு வால்வைத் தூக்கும். அந்தக் கட்டைக்குரிய சின்னத் துருத்தி சட்டென்று ஒடுங்கிச் சுத்தியலைத் தட்டும். துளை நீண்டால் சுரமும் நீளும். காகிதம் சொல்லக்கூடியது இவ்வளவே: எங்கே திறப்பு, எங்கே இல்லை. சத்தம் கூட்டு, குறை என்று சாதாரண 88 சுர ரோல் சொல்லாது. அதற்கு உங்கள் காலும் சில நெம்புகோல்களும்தான்.

எட்வின் வொட்டி 1895-ல் பியானோலாவை உருவாக்கியபோது அது பியானோவுக்கு முன்னால் நகர்த்தி வைக்கும் தனி அலமாரி. அதன் மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். பிற்பாடு எல்லாம் பியானோவின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆளுக்கோர் அளவில் ரோல் வெட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள் 1908-ல் இதே பஃபலோவில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. காகித அகலம் 11¼ அங்குலம். 88 சுர ரோலுக்கு அங்குலத்துக்கு ஒன்பது துளை. அதற்குப் பிறகு ரேடியோ வந்தது, 1929-ன் பொருளாதாரச் சரிவு வந்தது, பிளேயர் பியானோ வியாபாரமே படுத்துவிட்டது. அந்த அளவு மட்டும் மாறவில்லை. நேற்று வெட்டிய ரோல் 1912-ல் செய்த பியானோவில் அப்படியே உட்காரும். புது ரோல் என்று ஒரு சந்தை இன்னும் இருக்கிறதென்றால் இதனால்தான்.

பழைய ரோலைப் பார்த்துப் புதிதாக வெட்டியதை இங்கே ரீகட் என்பார்கள். வாங்குகிறவர் கவனிக்கவேண்டிய சங்கதி பெரும்பாலும் இதில்தான். அந்தக் காலத்துத் துளையிடும் இயந்திரம் காகிதத்தை வழுக்கிக்கொண்டு போகவிடாது; படிப்படியாக நகர்த்தும். அங்குலத்துக்கு இருபது, முப்பது படிகள். ஒவ்வொரு படியிலும் துளைபோடும் பஞ்ச் ஊசிகளில் வேண்டியவை மட்டும் இறங்கும். ரோலில் டெம்போ 80 என்று அச்சிட்டிருந்தால் காகிதம் நிமிடத்துக்கு எட்டு அடி ஓடவேண்டும் என்று பொருள். அதாவது நொடிக்கு 1.6 அங்குலம். முப்பது படிக் கணக்கில் நொடிக்கு 48 படிகள். ஒரு படி பிசகினால் ஐம்பதில் ஒரு பங்கு நொடிதான் போகிறது. இதைப் போய் யார் கவனிப்பார்கள் என்று தோன்றும். ஒன்றாக விழவேண்டிய ஐந்து சுரங்களில் இரண்டு அந்த ஒரு படி பிந்தி விழட்டும். தாளம் தெரிந்த யாரும் முகத்தைச் சுளிப்பார்கள். எங்கே கெட்டது என்று சொல்லத் தெரியாது, கேட்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆரம்ப கால ரீகட்களில் இந்தப் பிசகு நிறைய. பழைய ரோலைக் காற்றால் படிக்கும் பட்டைமேல் ஓட்டி, அது படிக்கப் படிக்கப் பக்கத்து இயந்திரம் புதுக் காகிதத்தில் வெட்டும். மூல ரோலின் படியும் வெட்டும் இயந்திரத்தின் படியும் ஒத்துப்போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே மூலத்தில் ஒரே வரிசையில் நின்ற துளைகள் நகலில் இரண்டு வரிசையாகப் பிரியும். இன்னொரு கோளாறும் உண்டு. படிக்கும் பட்டையின் துளைக்கும் ஓர் உயரம் இருக்கிறதல்லவா? காகிதத் துளையின் முன்விளிம்பு எட்டிய உடனே காற்று புகுந்துவிடும். பின்விளிம்பு முழுசாகக் கடக்கும்வரை புகுந்துகொண்டே இருக்கும். இதனால் நகலில் எல்லாத் துளையும் கொஞ்சம் நீண்டுவிடும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் இடத்தில், இரண்டு துளைகளுக்கு நடுவே விடும் காகிதப் பாலம் குறுகிப்போகும். வால்வு மூடித் திறக்க நேரம் கிடைக்காது. தட் தட் தட் என்று வரவேண்டியது ஒரே இழுவையாக வரும். அந்த நகலிலிருந்து வேறொருவர் நகல் எடுத்தால் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான்.

இப்போது நன்றாகச் செய்கிறவர்கள் மூல ரோலை ஸ்கேனரில் படமாக்கிக்கொள்கிறார்கள். பிறகு அந்த மூலத்தை வெட்டிய இயந்திரம் அங்குலத்துக்கு எத்தனை படி நகர்த்தியது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, ஒவ்வொரு துளையையும் அதனதன் வரிசையில் திரும்ப உட்காரவைக்கிறார்கள். காகிதம் நூறு வருடத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, இந்த ஓட்டை பஞ்ச் போட்டதா, பூச்சி போட்டதா என்று ஒவ்வொன்றாகத் தீர்க்கவேண்டும். கம்ப்யூட்டர் பாதி செய்யும், மீதி கண்தான். முடிவில் கிடைப்பதை அதே படிக்கணக்கில் வெட்டினால், 1920-களில் அந்தக் கம்பெனியில் இருந்த மாஸ்டரிலிருந்தே எடுத்த பிரதிபோல இருக்கும். பஞ்சுக்குப் பஞ்ச் நகல் என்று விற்பவரிடம் நான் கேட்பது இரண்டே: எந்தப் பிரதியிலிருந்து எடுத்தீர்கள், படிக்கணக்கு என்ன? வேலை செய்தவர் என்றால் கேட்டதற்கு மேலேயே சொல்வார், ஃபோனை வைக்கவிடமாட்டார். மற்றவர்கள் விலையைச் சொல்வார்கள்.

ஸ்கேல் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் அதை முதலிலேயே எச்சரித்துவிட்டார். ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்ததைப் பதிவுசெய்த ரோல் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்காது. மனித விரல் அப்படி விழுவதில்லை. மேஜையில் எழுதி அமைத்த ரோல்களில்தான் கோடு பார்க்கவேண்டும். கையால் வாசித்ததில், திரும்பத் தட்டும் சுரங்களின் பாலங்களைப் பார். அங்கே தெரிந்துவிடும்.

ஆனால் கண்ணுக்கும் ஸ்கேலுக்கும் பிடிபடாத ரோல்களும் இருக்கின்றன. ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்லின் 1916-ல் தன்னுடைய 'மேப்பிள் லீஃப் ராக்'கை இரண்டு கம்பெனிகளுக்கு வாசித்தார். ஏப்ரலில் கனோரைஸ்டு, ஜூனில் யூனி-ரெக்கார்ட். முதலாவது திருத்தமாக ஓடும். இரண்டாவது தடுமாறும், தாளம் பிய்ந்து பிய்ந்து வரும். ஜாப்லின் அப்போது கடும் நோயில் இருந்தார். அடுத்த வருடம் ஏப்ரல் 1-ல் இறந்துபோனார். அந்தத் தடுமாற்றம் நோயுற்ற விரல்களுடையதா, அன்றைய பதிவு முறையின் கரடுமுரடா என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஒருமுறை இந்த ஜூன் ரோலின் ரீகட் என்று ஒன்றை வரவழைத்தேன். போட்டுக் கேட்டால் நூல் பிடித்தாற்போல் தாளம்! வெட்டியவர் 'பிழைகளை' எல்லாம் சரிசெய்துவிட்டாராம். நல்லெண்ணம்தான். திருப்பி அனுப்பிவிட்டேன். கேட்கச் சுகமாக வேண்டுமென்றால் ஏப்ரல் ரோல் இருக்கிறது. ஜூன் ரோலை வாங்குகிறவருக்கு அந்தத் தடுமாற்றம்தான் வேண்டும். அது யாருடையது என்ற சந்தேகத்தோடு சேர்த்தே வேண்டும்.

துல்லியத்தில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு என் வாடிக்கையாளர் ஒருவரும் காரணம். ஸ்ட்ரைட் என்ற ஜாஸ் பாணியில் பியானோ பழகுகிற இளைஞர். 1921-ல் கியூஆர்எஸ் கம்பெனி வெளியிட்ட ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலைனா ஷவுட்' ரோலை மெதுவாக ஓட்டி, தானாக அமுங்கும் கட்டைகளின்மேல் தன் விரல்களை வைத்து டியூக் எலிங்டன் அந்தப் பாட்டைப் பழகினார் என்பது ஜாஸ் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இவரும் அப்படித்தான் பழகுகிறார். டெம்போ நெம்புகோலை 20-க்கு இறக்கிவிடுவார். காகிதம் ஊரும். வழக்கமான வேகத்தில் ஐம்பதில் ஒரு பங்கு நொடியாக இருந்த பிசகு, கால் பங்கு வேகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு நொடி ஆகிவிடும். அது பிசகு என்றே விரலுக்குத் தெரியாது. ஜான்சன் இப்படித்தான் வாசித்தார்போல என்று அப்படியே பிடித்துக்கொள்ளும். அவருக்கு வாங்கும் ரோலில் மட்டும் நான் விலை பார்ப்பதில்லை.

ரீகட் அல்லாமல், புதிதாகவே அமைத்து வெட்டும் ரோல்களும் வந்துகொண்டிருக்கின்றன. கியூஆர்எஸ் 1900-ல் மெல்வில் கிளார்க் தொடங்கியது. பிற்காலத்தில் பஃபலோவில் நயாகரா தெருவுக்கு வந்து சேர்ந்தது. அந்தந்தக் காலத்து சினிமாப் பாட்டு, ராக் பாட்டு எல்லாவற்றையும் ரோலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2008 கடைசியில் உற்பத்தியை நிறுத்தியபோது என் ஃபோன் ஓயவில்லை. என்னவோ ரேஷன் கடையை மூடுகிறார்கள் என்பதுபோல ஆளாளுக்கு வாங்கிக் குவித்தார்கள். பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினார்கள், பழைய அளவில் இல்லாவிட்டாலும். இன்று வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகத் துளை இயந்திரம் கட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மிடி ஃபைல் ஒன்று அனுப்பினால் ரோலாக்கித் தருவார்கள்.

மிடி ஃபைலை அப்படியே ரோலாக்குவதில்தான் வினை. எலெக்ட்ரானிக் கீபோர்டில் வாசித்ததில் ஒவ்வொரு சுரத்துக்கும் இவ்வளவு பலம் என்று ஒரு கணக்கு உள்ளே இருக்கும். 88 சுர ரோலுக்கு அது ஏறாது. எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் வந்து விழும். பாட்டின் உருவம் போய்விடும். தேர்ந்த அமைப்பாளர் சத்தத்தைத் துளைகளின் எண்ணிக்கையால் கட்டுவார். உச்சத்தில் ஆக்டேவ்களை அடுக்குவார், அடங்கும் இடத்தில் இரண்டே சுரம் விடுவார். அவருக்குக் காலையும் தெரிந்திருக்கவேண்டும். ஒரே சமயத்தில் இருபது துளை திறந்தால் அவ்வளவு காற்று உள்ளே பாய்கிறது. மிதிக்கிறவர் அதை இழுத்து வெளியேற்றியாகவேண்டும். அடர்த்தியாக அமைத்த சில புது ரோல்களை ஓட்டி முடிக்கும்போது நமக்கு மூச்சு வாங்கும். பியானோவும் கடைசி வரிகளில் துவண்டுபோகும்.

இந்தக் கணக்கு கைவந்தவர் ஜே. லாரன்ஸ் குக். 1899-ல் டென்னசியில் பிறந்த கறுப்பினத்தவர். ஒஹாயோ மாநிலம் ஹாமில்டனில் செய்து விற்ற லீபார்ஜான் என்ற வீட்டு உபயோகத் துளை இயந்திரத்தில் தானாகவே தொழில் பழகி, 1920-களில் கியூஆர்எஸ்ஸில் சேர்ந்து, ஆயிரக்கணக்கான ரோல்களை அமைத்தார். அதில் வந்த வருமானம் போதாமல் தபால் அலுவலகத்திலும் வேலை பார்த்தார். ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் பாணி வேண்டுமா, அவர் கையிலிருந்து அது துளையாக வரும். வாசித்துப் பதிவுசெய்தது என்று சத்தியம் பண்ணத் தோன்றும். புதிதாக ரோல் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் வந்தால், குக்கின் ரோல் ஒன்றை மேஜையில் விரித்துக் காட்டிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

பாட்டுக்கு உரிமைப் பணம் என்று ஒன்றும் இதில் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-ல், வொயிட்-ஸ்மித் வழக்கில், ரோல் என்பது மனிதர் கண்ணால் படிக்கக்கூடிய இசைப் பிரதி அல்ல, இயந்திரத்தின் ஒரு பகுதி, எனவே காப்புரிமையில் சேராது என்று சொல்லிவிட்டது. இசையமைத்தவர்கள் கொதித்தார்கள். மறு வருடமே புதுச் சட்டம் வந்து, ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று நிர்ணயித்தது. யாரோ ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால் மற்றவர்களும் அந்தத் தொகையைக் கட்டி வெட்டிக்கொள்ளலாம். தொகை இன்று ஏறியிருக்கிறது, ஏற்பாடு அதேதான். பத்துப் பிரதி வெட்டுகிற ஆளுக்குப் பணத்தைவிடக் காகித வேலைதான் தொல்லை. அதனால் உரிமைக் காலம் முடிந்த பழைய பாட்டுகளையே தேடிப் போகிறார்கள். ரீகட் பட்டியல்கள் 1920-களோடு நின்றுவிட்டதுபோல் தெரிவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை.

அவசரப்பட்டு வாங்குகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது டுவோ-ஆர்ட், ஆம்பிகோ ரோல்கள் பற்றி. இவை ரீபுரொட்யூசிங் பியானோக்களுக்கானவை. வாசித்தவரின் சத்த ஏற்ற இறக்கத்தையும் துளையிலேயே எழுதி வைத்தவை. டுவோ-ஆர்ட்டில் கெர்ஷ்வின் தன் 'ரப்சடி இன் ப்ளூ'வைத் தானே வாசித்திருக்கிறார், ஆம்பிகோவில் ரஹ்மானினோவ். பெயரைப் பார்த்ததும் கை அரிக்கும். ஆனால் டுவோ-ஆர்ட் இசைக்குப் பயன்படுத்துவது நடுவிலுள்ள 80 துளைகளைத்தான். இரு ஓரத்திலும் நான்கு நான்காக மிஞ்சும் இடங்கள் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் குறிகள். சாதாரண மிதி பியானோவில் போட்டால் அந்தக் குறிகளும் சுரமாகிவிடும். கெர்ஷ்வின் நடுவே குழைந்துகொண்டிருக்க, ஓரத்தில் யாரோ சம்பந்தமில்லாமல் கட்டையைக் குத்திக்கொண்டிருப்பார். அந்த எட்டையும் அடைக்கும் வசதி உங்கள் பியானோவில் இருந்தால் வாங்குங்கள். இருக்கிறதா என்று பார்க்க மேல்மூடியைத் திறந்தால் போதும்.

காகிதம் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். புது ரோலின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். துளை ஓரம் சொரசொரவென்று பூப்பூவாக நின்றால் பஞ்ச் மழுங்கியிருக்கிறது. அந்தத் தும்பு முழுக்க டிராக்கர் பாரின் துளைகளுக்குள்தான் போகும். சில மாதத்தில் ஒரு கட்டை ஊமையாகும். சில துளைகளில் வெட்டிய துண்டு விழாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால் முதலில் ஒருமுறை கையாலேயே சுற்றிப் பார்த்துத் தட்டிவிடுவது நல்லது. கனமான காகிதம் நெடுநாள் உழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கீழேயுள்ள சுருளில் காகிதம் ஏற ஏற அதன் சுற்றளவு கூடும், கூடக் கூட ரோல் வேகமெடுக்கும். மூலத்தைவிடத் தடித்த காகிதத்தில் வெட்டினால் பாட்டின் முடிவு மூலத்தைவிட ஓட்டமாகப் போகும். அகலமும் அப்படித்தான். துளைக்குத் துளை மையம் 2.8 மில்லிமீட்டர்தான் இடைவெளி. எங்கள் ஊர்க் கோடையின் ஈரத்தில் மட்டமான காகிதம் விரியும். ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் சுருங்கும். இரண்டிலும் ஓரத்துச் சுரங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மெழுகேற்றிய காகிதம் இதைத் தாங்கும். என்ன காகிதம் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குகிற கடையில் நான் இரண்டாவது முறை வாங்கியதில்லை.

இந்த வியாபாரத்தில் கடை என்பதே அரிது. பெரும்பாலும் பட்டியல்தான். வெட்டுகிறவர் இன்னின்ன ரோல்களை எடுத்திருக்கிறேன் என்று தெரிவிப்பார். வேண்டியவர்கள் பெயர் கொடுப்பார்கள். போதுமான பெயர் சேர்ந்தால் காகிதத்தை அடுக்கி ஒரே வெட்டில் அத்தனை பிரதியும் எடுத்துவிடுவார். சேராவிட்டால் அந்த ரோல் அடுத்த பட்டியலுக்குப் போகும், சில சமயம் காணாமலும் போகும். வெட்டி முடித்தபின் எனக்கும் ஒன்று என்று கேட்டால் கிடைக்காது. அதனால் பட்டியல் வந்த அன்றே, வாடிக்கையாளரைக் கேட்டும் கேட்காமலும், பெயர் கொடுத்துவிடுவேன். குக் அமைத்தது, ஜான்சன் வாசித்தது என்றால் இரண்டு பிரதி. ஒன்று விற்பதற்கு. மற்றதைச் சுற்றிப் பார்த்து, தட்டி, எந்த மூலத்திலிருந்து, எத்தனை படிக்கணக்கில், யார் வெட்டியது என்று பெட்டிக்குள் பென்சிலால் எழுதி, ஓட்டாமல் அலமாரியில் வைத்துவிடுவேன். மூலப் பிரதி பொடிந்துபோன பின் யாராவது இதைத் திரும்ப வெட்டவேண்டியிருக்கும். அப்போது அவருக்கு ஓடித் தேயாத ஒரு பிரதி தேவைப்படும். அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு என் மனைவி, "வாங்கிப் போடுறீங்க, ஒண்ணைக்கூடப் போட்டுக் கேக்க விடமாட்டேங்கிறீங்க" என்கிறாள். கேட்பதற்குத்தான் முதல் பிரதி என்றால், அதைத்தான் விற்றுவிட்டீர்களே என்கிறாள்.